பென்னிகுக்: மோட்டார் இல்லாமல் ஆற்றைத் திருப்பியவர். முல்லைப் பெரியாறு சொல்லும் வேலை, ஆற்றல், திறன் கணக்கு

தேனி மாவட்டத்துக்குள் நுழைந்தால் டீக்கடைச் சுவரிலும் ஆட்டோவின் பின்னாலும் மீசை வைத்த ஒரு ஆங்கிலேயரின் படத்தைப் பார்க்கலாம். அவர்தான் ஜான் பென்னிகுக். பிறந்தது 1841 ஜனவரி 15. பொங்கலை ஒட்டி வரும் அந்த நாளில் கம்பம் பள்ளத்தாக்கில் அவருக்கும் சேர்த்தே பொங்கல் வைக்கிறார்கள்.

அரசு பணத்தை நிறுத்தியதும் சொந்தச் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்பது ஊரெல்லாம் புழங்கும் கதை. அதற்கு ஆவணச் சான்று இல்லை என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கதை இல்லாமலேயே அவர் செய்தது பெரிய காரியம்தான். அது என்ன என்று புரிய ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் போதும்.

யார் இந்தப் பென்னிகுக்?

புனேயில் பிறந்தவர். அப்பா ஆங்கிலேய ராணுவ அதிகாரி. 1849 ஜனவரியில் பஞ்சாபில் நடந்த சில்லியன்வாலா போரில் அப்பாவும் ஒரு அண்ணனும் ஒரே நாளில் இறந்தார்கள். பென்னிகுக்குக்கு அப்போது எட்டு வயதுகூட ஆகவில்லை. இங்கிலாந்தில் அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் படித்து, 1860 வாக்கில் சென்னை மாகாணத்துக்குப் பொறியாளராக வந்தார்.

அப்போது மதுரை, ராமநாதபுரம் சீமை மழையை நம்பியே இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு வெள்ளமாக ஓடி அரபிக்கடலில் கலந்தது. அதைக் கிழக்கே திருப்பும் யோசனை பென்னிகுக்குடையது இல்லை. 1789-லேயே ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதை ஆராய ஆள் அனுப்பினார். 1808-ல் கால்டுவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி, நடக்காத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். 1876-78 தாது வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கானோரைப் பலி வாங்கிய பிறகுதான் அரசு மறுபடி விழித்தது. 1882-ல் திட்டம் பென்னிகுக் கைக்கு வந்தது.

அவர் போட்ட கணக்கு என்ன?

இயற்பியலில் வேலை என்றால் விசையை, அந்த விசையின் திசையில் நகர்ந்த தூரத்தால் பெருக்குவது. உங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடி டேங்கையே எடுத்துக்கொள்வோம். 1,000 லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் மேலே ஏற்ற 98,000 ஜூல் வேலை செய்ய வேண்டும். கரண்ட் கணக்கில் அது 0.027 யூனிட். ஒரு குதிரைத்திறன் மோட்டார், இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், சுமார் 131 விநாடியில் முடிக்கும். அரைக் குதிரைத்திறன் மோட்டாருக்கு அதைப் போல இரண்டு மடங்கு நேரம். வேலை ஒன்றுதான், வேகம்தான் வேறு. அந்த வேகத்துக்குப் பெயர்தான் திறன்.

இப்போது ஒரு ஆற்றையே மலைக்கு மேல் ஏற்ற வேண்டும் என்றால்? 1880-களில் அதற்கு மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. பென்னிகுக் ஏற்றவே இல்லை. பெரியாறு ஏற்கெனவே கடல் மட்டத்துக்கு மேல் 800 மீட்டருக்கும் அதிக உயரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடல் நீரை ஆவியாக்கி அந்த உயரத்துக்குக் கொண்டுபோன வேலையைச் சூரியன் முடித்துவிட்டது. அந்த உயரம் தண்ணீருக்குள் நிலை ஆற்றலாகச் சேர்ந்திருக்கிறது. குறுக்கே அணை கட்டி நீர்மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி, மலையில் சுமார் 1.7 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்துவிட்டால், மிச்சத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். அவர் போட்ட திட்டம் இவ்வளவுதான்.

கட்டும்போது என்ன நடந்தது?

1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தம் ஆனது. 8,000 ஏக்கர், 999 வருடக் குத்தகை, ஏக்கருக்கு 5 ரூபாய். 1887-ல் வேலை தொடங்கியது. பொருட்கள் மாட்டு வண்டியிலும் கம்பிவடத்திலும் மலையேறின. சிமென்ட் கிடையாது, சுண்ணாம்பும் சுர்க்கியும்தான்.

பெரிய எதிரி வெள்ளம். ஆற்றைத் தடுக்கப் போட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். மலேரியாவும் காலராவும் வேறு. நோயில் இறந்ததாகப் பதிவானவர்கள் மட்டும் 483 பேர். டீக்கடைப் படங்களில் அவர்களுக்கு இடம் இல்லை.

1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் அணையைத் திறந்துவைத்தார். 176 அடி உயரம், சுமார் 1,200 அடி நீளம். தன் எடையால் மட்டுமே நீரைத் தாங்கி நிற்கும் அணை இது. பென்னிகுக் பிறகு இங்கிலாந்து திரும்பி, கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1911 மார்ச் 9-ல் கேம்பர்லியில் காலமானார்.

மின்சாரம் எங்கிருந்து வந்தது?

ஆற்றலை உருவாக்க முடியாது, அழிக்கவும் முடியாது, உருமாற்றத்தான் முடியும். மலையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்கும் தண்ணீரின் ஆற்றல் அறுபது வருடத்துக்கும் மேலாகப் பாறையில் மோதி வெப்பமாகவும் சத்தமாகவும் போய்க்கொண்டிருந்தது. பிறகு லோயர் கேம்ப்பில் நான்கு இயந்திரங்களோடு 140 மெகாவாட் மின்நிலையம் வந்தது. ஒரு டிஎம்சி தண்ணீர் 100 மீட்டர் இறங்கினால், இழப்பில்லாத கணக்கில் சுமார் 77 லட்சம் யூனிட் கிடைக்கும். மின்சாரம் எடுத்த பிறகும் தண்ணீரில் ஒரு சொட்டு குறையாது. அதே தண்ணீர்தான் வயலுக்கும் போகிறது.

1970 மே 29-ல் போட்ட ஒப்பந்தம் இந்த மின்சாரத்துக்கு விலை வைத்தது. ஒரு குறிப்பிட்ட உற்பத்தி அளவு வரை, ஒரு கிலோவாட்-வருடத்துக்கு 12 ரூபாய் கேரளத்துக்கு. ஒரு கிலோவாட்-வருடம் என்றால் 8,760 யூனிட். வகுத்துப் பார்த்தால் ஏழு யூனிட்டுக்குச் சுமார் ஒரு பைசா! நிலக் குத்தகையும் ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது.

கொழிஞ்சாம்பாறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அதே 1970 மே 29-ல் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தமும் கையெழுத்தானது. பாலக்காடு மாவட்டத்தில் தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பகுதி விவசாயிகள் காத்திருப்பது அந்த ஒப்பந்தத் தண்ணீருக்குத்தான். மணக்கடவு வழியாக வருடத்துக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். அந்தத் திட்டத்திலும் பென்னிகுக் பாணிதான்: பரம்பிக்குளம் தண்ணீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே போய், சர்க்கார்பதியில் மின்சாரம் கொடுத்துவிட்டு வயலுக்குப் போகிறது. பக்கத்தில் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம், கரண்ட் மிச்சமிருக்கும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்குகிறது. ஏற்றச் செலவான அளவு இறக்கும்போது முழுசாகத் திரும்பாது. மீதி உராய்வில் வெப்பமாகப் போகிறது, அழிவதில்லை.

142 அடி ஏன் இவ்வளவு பெரிய சண்டை?

1979-ல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பலப்படுத்தும் பணிகளுக்குப் பிறகு, 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடியை உறுதி செய்தது. ஆறு அடி என்பது நான்கு சதவீத உயர்வுதான். ஆனால் அணையைத் தள்ளும் விசை ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் தள்ளுவிசை சுமார் 9 சதவீதம் கூடும். இடுக்கியில் கீழே வசிப்பவர்களின் பயத்துக்கு இந்த 9 சதவீதம் காரணம். தேனி விவசாயிக்கு அதே ஆறு அடி இன்னொரு போகத்துக்கான தண்ணீர்.

அடுத்த மழைக்காலத்தில் 142 அடி என்று பிரேக்கிங் நியூஸ் ஓடும்போது, இரண்டு பக்கமும் பேசுவது ஒரே உயரத்தைப் பற்றித்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கிழக்கே இறக்குவதும் அந்த உயரம்தான், அணையைத் தள்ளுவதும் அதுதான்.