அறுபத்தேழு வயதில் எடுத்த தூரிகை

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி சங்கத்தினர் கேட்டபோது, நான் வைத்தியர் என்பதால் நீரிழிவைப் பற்றியோ மூட்டுவாதத்தைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவையும் எமக்கு வேண்டியவைதான். ஆனால் சென்ற ஆண்டு எமது வகுப்புத் தோழியர் சிலர் கூடியபோது நடந்த ஒரு பேச்சு என் மனதை விட்டுப் போகவில்லை. ஒருத்தி தன் வீணையை உறையிலிட்டு இருபத்தைந்து வருடமாகிறது என்றாள். இன்னொருத்தி பாடசாலை நாட்களில் எழுதிய கவிதைக் கொப்பியை இடம்பெயர்வில் தொலைத்ததைச் சொன்னாள். உயர்தரத்தில் உயிரியல் பிரிவுக்குப் போன அன்று கட்டிலுக்கடியில் தள்ளிய நீர்வர்ணப் பெட்டியைப் பற்றி நான் சொன்னேன். இனி இந்த வயதில் என்ன கிடக்கிறது என்று எல்லோரும் ஒருமித்துச் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துக் கலைந்தோம். எமக்கு அப்போது நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வயது.

வீடு திரும்பும் வழியில் நினைவுக்கு வந்தவர் இரவீந்திரநாத் தாகூர். அவரை நாம் கவிஞராக அறிவோம். 1913இல் நோபல் பரிசு பெற்றவர், இந்தியாவின் தேசிய கீதத்தை இயற்றியவர் என்று படித்தோம். அவர் ஓவியராக ஆனபோது அவருக்கு வயது அறுபத்தேழு என்பதை எமக்கு யாரும் சொல்லித் தந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

1861 மே 7ஆம் திகதி கல்கத்தாவின் ஜோராசாங்கோவிலுள்ள பெரிய கூட்டுக் குடும்ப வீட்டில் அவர் பிறந்தார். பாடசாலை அவருக்குப் பிடிக்கவில்லை. ஒன்று மாறி ஒன்றாகப் பல பாடசாலைகளில் சேர்த்தும் எதிலும் நிலைக்கவில்லை. வீட்டுக்கு வந்து பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களுள் சித்திர ஆசிரியரும் ஒருவர். அவரால் அந்தப் பிள்ளை சித்திரக்காரன் ஆகிவிடவில்லை. பாடசாலையிலிருந்து தப்பியோடிய அதே மனிதர்தான் 1901இல் சாந்திநிகேதனில் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு மரநிழலில் ஒரு பாடசாலை தொடங்கினார் என்பது, பாடசாலையைப் போற்றும் இந்த மலரில் குறிப்பிடத் தக்கது.

அவரைச் சுற்றிலும் ஓவியர்கள் இருந்தார்கள். அண்ணன் ஜோதிரிந்திரநாத் பென்சிலால் உருவப்படங்கள் வரைவார். ஒன்றுவிட்ட சகோதரரின் மக்களான ககனேந்திரநாத்தும் அவனீந்திரநாத்தும் வங்காளத்தின் பெயர்பெற்ற ஓவியர்கள். தாளை நீரில் தோய்த்துத் தோய்த்து மெல்லிய நீர்வர்ணம் பூசும் முறையை அவனீந்திரநாத் ஒரு தனி மரபாகவே வளர்த்தார். 1919இல் தாகூர் சாந்திநிகேதனில் கலா பவனத்தை நிறுவி, அவனீந்திரநாத்தின் மாணவரான நந்தலால் போஸை அதற்குப் பொறுப்பாக வைத்தார். மற்றவர்கள் ஓவியம் கற்க ஒரு கல்லூரியையே அமைத்தவர், தாம் தூரிகையைத் தொடாமல் இருந்தார்.

தொட்டுப் பார்க்காமலும் இல்லை. 1900ஆம் ஆண்டில், முப்பத்தொன்பது வயதில், தம் நண்பரான விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸுக்கு எழுதிய கடிதமொன்றில், தாம் ஒரு சித்திரக் கொப்பியுடன் உட்கார்ந்திருப்பதாகத் தெரிவித்தார். பென்சிலைவிட அழிறப்பருக்கே வேலை அதிகம் என்றும், இந்தப் படங்கள் பாரிஸ் நகரத்துக் கண்காட்சிக்குப் போகப் போவதில்லை என்றும் தம்மைத் தாமே கேலிசெய்துகொண்டார். சிறிது காலத்தில் அந்தக் கொப்பி மூடப்பட்டது. எமது வயதை நெருங்கும் பருவத்தில் முயன்று, சரிவராது என்று விட்டுவிட்டார். இந்த இடத்தை வாசகியர் மனதில் வைத்திருக்க வேண்டும்.

அதன் பின் வந்த ஆண்டுகள் கொடியவை. 1902இல் மனைவி மிருணாளினி இறந்தார். அடுத்த ஆண்டு இரண்டாவது மகள் ரேணுகா போனாள். 1905இல் தந்தையார். 1907இல் இளைய மகன் சமீந்திரநாத், வாந்திபேதியால். 1918இல் மூத்த மகள் மாதுரிலதா. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, 1884இல், அவரது இளமையின் நெருங்கிய தோழியும் முதல் வாசகியுமாயிருந்த அண்ணி காதம்பரி தேவி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டிருந்தார். இந்த இழப்புகளை அவர் பாட்டாகவும் கவிதையாகவும் எழுதினார். சொல்லில் அடங்காத மிச்சம் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

1924இல் தென்னமெரிக்காவுக்குக் கடற்பயணம் போனபோது நோய்வாய்ப்பட்டு, ஆர்ஜன்டீனாவில் புவனஸ் அயர்ஸ் நகருக்கு அண்மையில் ஆற்றங்கரை வீடொன்றில் ஓய்வெடுத்தார். அங்கே அவரைப் பராமரித்தவர் விக்டோரியா ஒகாம்போ என்ற எழுத்தாளர். அப்போது பூரபி என்ற கவிதைத் தொகுதியைத் தாகூர் எழுதிக்கொண்டிருந்தார். பிடிக்காத சொற்களை வெட்டுவார். வெட்டிய இடம் தாளில் காயம்போலத் தெரிவது அவருக்குப் பொறுக்காது. ஒரு வெட்டை இன்னொரு வெட்டோடு கோடிழுத்து இணைப்பார். இணைத்ததை மையால் நிரப்புவார். கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு பறவை நிற்கும், அல்லது உலகில் எங்கும் இல்லாத ஒரு மிருகம் வாய் திறந்து பார்க்கும். ஒகாம்போ கவிதைகளோடு சேர்த்து இந்தக் கிறுக்கல்களையும் கவனித்தார். அவற்றில் ஓர் ஓவியர் இருப்பதை முதலில் கண்டுகொண்டவர்களுள் அவரும் ஒருவர்.

1928 அளவில் அந்தக் கிறுக்கல்கள் கவிதைத் தாளை விட்டு வெளியேறித் தனித் தாளுக்கு வந்தன. வர்ண மை, நீர்வர்ணம், கையில் அகப்பட்ட எதுவும் அவருக்கு உதவியது. தூரிகை இல்லாவிட்டால் துணித்துண்டு, அதுவும் இல்லாவிட்டால் விரல். பேனாவின் பின்பக்கத்தாலும் வரைந்தார். பூவிதழ்களை நசுக்கிச் சாறெடுத்துப் பூசியதும் உண்டு. பெரும்பாலும் ஒரே இருப்பில் ஒரு படத்தை முடித்துவிடுவார். பெயர் வைக்கமாட்டார். என்ன வரையப் போகிறோம் என்று முன்கூட்டித் தீர்மானிக்காமல், கோடு போகும் வழியே தாமும் போனார். முகமூடிபோன்ற முகங்கள், இருண்ட மரங்களுக்குப் பின்னால் மஞ்சள் வானம், நீள்வட்ட முகத்தோடு பேசாமல் பார்க்கும் பெண்கள் என்று தாள்கள் நிறைந்தன. அந்தப் பெண்களின் கண்களில் காதம்பரியின் சாயலைக் காண்போர் பலர்.

1930 மே மாதத்தில் பாரிஸ் நகரின் பிகால் கலைக்கூடத்தில் அவரது முதற் கண்காட்சி நடைபெற்றது. ஏற்பாடு செய்தவர் ஒகாம்போ. பாரிஸுக்குப் போகாத படங்கள் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் கேலியாக எழுதியவரின் படங்கள் முதன்முதலில் பாரிஸிலேயே சுவரேறின. அதே ஆண்டில் பேர்மிங்ஹாம், லண்டன், பேர்லின், கொப்பன்ஹேகன், ஜெனீவா, மொஸ்கோ என்று சென்று, ஒக்டோபரில் பொஸ்டனுக்கும் பின்னர் நியூயோர்க்குக்கும் போயின. அமெரிக்கக் கண்காட்சிக்கு அறிமுகவுரை எழுதியவர் எமது நாட்டில் பிறந்தவர்: கொழும்பில் சேர் முத்து குமாரசுவாமியின் மகனாகப் பிறந்து, பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி. இப்படங்களைத் தாகூரின் கவிதைக்கு விளக்கப்படங்களாகப் பார்க்க வேண்டாம் என்றும், இவற்றில் குழந்தையின் இயல்பு உண்டே தவிரச் சிறுபிள்ளைத்தனம் இல்லை என்றும் அவர் கணித்தார்.

சொந்த ஊரில் வரவேற்பு அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. 1932இல் கல்கத்தா அரசினர் கலைக் கல்லூரியில், அதன் அதிபராயிருந்த முகுல் தே கண்காட்சி வைத்தபோது, கவியின் இனிமையை எதிர்பார்த்து வந்தவர்கள் திகைத்தார்கள். தாகூர் வரைவதை நிறுத்தவில்லை. 1934 மே மாதம் இலங்கைக்கு வந்து, ஹொரணையில் ஸ்ரீபாலி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டி, தம் நாட்டிய நாடகக் குழுவோடு யாழ்ப்பாணம்வரை போய்த் திரும்பிய எழுபத்துமூன்று வயதுக்காரர், ஓவியத்தில் ஆறேழு வருட அனுபவமே உள்ளவர்.

ஒரு வைத்தியராக என்னை மிகவும் தொட்ட விடயம் வேறொன்று. தாகூருக்குச் சிவப்பு நிறம் சரியாகப் புலப்படவில்லை. அதை அவரே அறிந்திருந்தார். பிற்காலத்தில் அவரது படங்களை ஆராய்ந்தவர்கள், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் ஏற்படும் பிறவிக் குறைபாடு அவருக்கு இருந்திருக்கலாம் என்று விளக்கியிருக்கிறார்கள். எமது உயர்தர உயிரியலில் படித்த அதே நிறக்குருடுதான்: எக்ஸ் நிறமூர்த்தத்தோடு வருவது, ஆண்களையே கூடுதலாகப் பாதிப்பது. விழித்திரையின் கூம்புக் கலங்களில் ஒரு வகை பிறருக்கு வேலை செய்வதுபோல வேலை செய்யாது. கிளினிக்கில் இஷிஹாரா புத்தகத்தைப் புரட்டி, புள்ளிகளுக்குள் இலக்கம் தெரியாத பையன்களிடம், இன்ன இன்ன தொழில் உனக்குச் சரிவராது தம்பி என்று நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பட்டியலில் ஓவியத்தையும் ஓரிரு முறை சேர்த்திருக்கிறேன். தாகூரின் படங்களைப் பார்த்த பின் அதை நிறுத்திவிட்டேன். அவருடைய கபில நிறங்களும் இருளும் திடீரென வரும் ஒளியும், அவர் கண்ணுக்குத் தெரிந்த உலகத்தையே எமக்குக் காட்டுகின்றன.

தாகூருக்கு வசதி இருந்தது, பணியாட்கள் இருந்தார்கள், புகழ் இருந்தது, சமைத்து வைத்துவிட்டா அவர் வரைந்தார் என்று தோழியர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு அதே ஜோராசாங்கோ குடும்பத்தில் இன்னொருவரைக் காட்டுகிறேன். அவனீந்திரநாத்தின் தங்கை சுனயனி தேவி, 1875இல் பிறந்தவர். சிறுமியாகவே மணம் முடித்து வைக்கப்பட்டவர். அண்ணன்மார் வரைவதைப் பார்த்திருந்தாரே தவிர யாரிடமும் முறையாகக் கற்கவில்லை. முப்பது வயதளவில், பிள்ளைகளையும் பெரிய குடும்பத்தையும் பார்த்துக்கொண்டே நீர்வர்ணத்தைக் கையிலெடுத்தார். நாட்டுப்புறப் பொம்மைகளின் சாயலில் இராதையையும் கிருஷ்ணனையும் வீட்டுப் பெண்களையும் வரைந்தார். 1922இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் ஓவியர்களின் படங்கள் கல்கத்தாவுக்கு வந்தபோது, அதே கண்காட்சியில் இவருடைய படங்களும் இடம்பெற்றன. வீட்டு வேலை ஓய்ந்த பின் தொடங்குவோம் என்று அவர் காத்திருந்தால் அந்தப் படங்கள் பிறந்திருக்கமாட்டா.

தாகூரின் கடைசி ஆண்டுகளில் நோய் அடிக்கடி வந்தது. 1937 செப்டெம்பரில் நினைவிழந்து கிடந்து மீண்டார். 1940இல் அவரது ஓவியங்கள் சில சித்ரலிபி என்ற பெயரில் தொகுப்பாக வெளிவந்தன. 1941 யூலையில் சாந்திநிகேதனிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, யூலை 30ஆம் திகதி பிறந்த வீட்டிலேயே சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார். சிறுநீர் அடைப்புக்கான அந்தச் சிகிச்சையில் அவருக்கு விருப்பம் இருக்கவில்லை. இன்று எமது வார்டுகளில் சாதாரணமாகக் கிடைக்கும் நுண்ணுயிர்க்கொல்லிகள் அன்று இல்லை. ஓகஸ்ட் 7ஆம் திகதி நண்பகலில் உயிர் பிரிந்தது. ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகளில் அவர் வரைந்தவை 2,000க்கும் மேல்.

முதுமை வந்தால் புதிதாக எதுவும் மண்டைக்குள் ஏறாது என்று என் நோயாளர்கள் சொல்வார்கள். பாரிசவாதத்தால் வலக்கை விழுந்த அப்பு ஒருவர் எழுபது வயதுக்கு மேல் இடக்கையால் கையெழுத்துப் போடப் பழகியதை நான் கண்டிருக்கிறேன். மெதுவாக வரும், ஆனால் வரும். தாகூருக்கு முப்பத்தொன்பதில் வராதது அறுபத்தேழில் வந்ததற்குக் காரணம், கை திடீரெனத் திருந்தியது என்று நான் நினைக்கவில்லை. முப்பத்தொன்பதில் பிழையை அழிறப்பரால் அழித்தார். அறுபதுக்குப் பின் பிழையை அழிக்காமல் அதன் மேலேயே வரைந்தார்.

கட்டிலுக்கடியில் கிடந்த என் பெட்டி எத்தனையோ வீடு மாறியதில் போய்விட்டது. இந்த வருடம் தைப்பொங்கலுக்கு மறுநாள் புதிதாக ஒன்று வாங்கினேன். இரவுக் கடமை இல்லாத நாட்களில் குசினி மேசையில் வைத்து வரைகிறேன். பனைமரம் இன்னமும் தும்புத்தடிபோலத்தான் வருகிறது. தாளைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் இதுவரையான முன்னேற்றம். நூற்றாண்டு விழாவுக்கு ஊரிலிருந்தும் கனடா, லண்டன், சிட்னி என்று எங்கெங்கிருந்தோ வரப்போகும் தோழியரே, வரும்போது வீணையை உறையிலிருந்து எடுத்துப் பாருங்கள், புதுக் கொப்பி ஒன்று வாங்குங்கள். எமது பாடசாலைக்கு வயது நூறு. அதன் பிள்ளைகளாகிய எமக்கு இன்னும் நேரமிருக்கிறது.