தொழிலாளரின் தோழி பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் அம்மையார்

நாம் உடுத்தும் உடையைத் தைத்தவர் யார், எத்தனை மணி நேரம் உட்கார்ந்து தைத்தார், என்ன கூலி பெற்றார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? அவ்வாறு எண்ணிப் பார்த்த ஒரு பெண்மணி தம் நாட்டின் சட்டங்களையே மாற்றி அமைத்தார். அமெரிக்க மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்மணியும் அவரே. அவர்தாம் பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் அம்மையார்.

அம்மையார் 1880ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிறந்தார். வூஸ்டர் என்னும் ஊரில் வளர்ந்தார். மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரியில் பௌதிகத்தை முதன்மைப் பாடமாக எடுத்துப் படித்தார். குடியும் சோம்பலுமே வறுமைக்குக் காரணம் என்றுதான் இளமையில் அவர் கேட்டு வளர்ந்தார். கல்லூரியில் பொருளாதார வரலாறு கற்பித்த ஆசிரியை, அருகிலிருந்த ஆலைகளை நேரில் பார்த்து வருமாறு மாணவியரை அனுப்பினார். அங்கே பெண்களும் சிறுவர்களும் பாதுகாப்பின்றி நெடுநேரம் உழைப்பதைக் கண்டார். நேர்மையாய் உழைப்பவரும் ஏழையாகவே இருக்கக்கூடும் என்ற உண்மை அன்று அவர் உள்ளத்தில் பதிந்தது.

1902இல் பட்டம் பெற்றபின் ஆசிரியையாகப் பணியாற்றினார். விடுமுறை நாட்களில் சிகாகோ நகரில் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் நடத்திய ஹல் இல்லத்தில் ஏழைகளுக்குத் தொண்டு செய்தார். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, 1910இல் நியூயார்க் நுகர்வோர் சங்கத்தின் செயலாளரானார். நாடெங்கும் கிளைகள் கொண்ட அச்சங்கம், தொழிலாளரை நியாயமாக நடத்தும் ஆலைகளின் துணிகளுக்கு ஒரு வெள்ளை முத்திரை வழங்கி வந்தது. அம்முத்திரை உள்ள துணிகளையே வாங்குமாறு இல்லத்தரசிகளை வேண்டியது. நல்ல முதலாளிக்கு அது நல்ல ஊக்கம். ஆனால் தீய முதலாளியை அது கட்டுப்படுத்தவில்லை.

அதை உலகுக்கு உணர்த்திய நாள் 1911ஆம் ஆண்டு மார்ச் 25, சனிக்கிழமை. அன்று மாலை அம்மையார் நியூயார்க்கில் ஒரு தோழியின் வீட்டில் தேநீர் விருந்துக்குச் சென்றிருந்தார். தீயணைப்பு வண்டிகளின் மணியோசை கேட்டு வெளியே ஓடினார். டிரையாங்கிள் என்னும் பெண்கள் சட்டை தைக்கும் ஆலை, ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று தளங்களில் இயங்கி வந்தது. அது தீப்பற்றி எரிந்தது. தீயணைப்புப் படையினரின் ஏணி ஆறாவது மாடி வரையே எட்டியது. ஒன்பதாவது மாடியில் படிக்கட்டுக்குச் செல்லும் ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது. தொழிலாளர் துணியைத் திருடிச் செல்லாதிருக்க முதலாளிகள் செய்த ஏற்பாடு அது! வழியற்ற பெண்கள் சன்னல் வழியே குதித்து மடிவதை அம்மையார் கண்ணாரக் கண்டார். இறந்தோர் 146 பேர். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி அயல்நாட்டிலிருந்து வந்த இளம் பெண்கள். முதலாளிகள் மீது வழக்கு நடந்தது; ஆனால் அவர்கள் விடுதலையாயினர்.

அம்மையார் கண்ணீர் விட்டதோடு நின்றுவிடவில்லை. ஆலைகளை ஆராய மாநில அரசு ஒரு குழு அமைத்தது. அம்மையார் அக்குழுவுக்குத் துணை நின்று, சட்டமன்ற உறுப்பினர்களை ஆலை ஆலையாக அழைத்துச் சென்றார். இரவு முழுவதும் பத்து மணி நேரம் கயிற்றாலையில் உழைத்துவிட்டு விடியற்காலையில் தள்ளாடி வெளிவரும் பெண்களைக் காட்டினார். தீ விபத்தின்போது தப்பும் வழி என்று எழுதியிருந்த ஒரு துவாரத்தில் வாக்னர் என்ற உறுப்பினரையே தவழ்ந்து செல்லச் செய்தார். வெளியே இருந்ததோ பனி உறைந்த ஏணி! எழுதிய அறிக்கை செய்ய முடியாததை அக்காட்சிகள் செய்தன. முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் பிறந்தன.

இங்கே ஒரு கேள்வி எழலாம். முதலாளிகளின் மனச்சாட்சிக்கே இதை விட்டுவிடக் கூடாதா? மனச்சாட்சியுள்ள முதலாளிகள் அன்றும் இருந்தனர். ஆனால் ஒருவர் செலவு செய்து பாதுகாப்பு வசதி அமைத்து, வேலை நேரத்தையும் குறைத்தால், அவருடைய சரக்கின் விலை ஏறும். எதுவும் செய்யாத பக்கத்து ஆலைக்காரர் மலிவாக விற்றுவிடுவார். நல்லவர் நட்டமடைவார். எனவே எல்லார்க்கும் ஒரே விதி வேண்டும். அப்போதுதான் நல்லவரும் பிழைப்பார். அம்மையாரின் வாழ்நாள் பணிக்கு இதுவே அடித்தளம்.

1933இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவரானபோது, அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு வேலை இல்லை. தொழிலாளர் அமைச்சராகும்படி அவர் அம்மையாரை அழைத்தார். அம்மையாரோ தம் திட்டங்களை முன்வைத்து, அவற்றை ஆதரிப்பதானால்தான் பதவியை ஏற்பேன் என்றார். ரூஸ்வெல்ட் இசைந்தார். 1935இல் முதியோர்க்கும் வேலையிழந்தோர்க்கும் உதவும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1938இல் குறைந்தபட்சக் கூலியையும் வேலை நேர வரம்பையும் வகுத்து, குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. மருத்துவக் காப்பீடு என்ற திட்டம் மட்டும் அவர் காலத்தில் கைகூடவில்லை.

ஆலைகளுக்குப் பொருந்தும் நியாயம் நாடுகளுக்கும் பொருந்தும் அல்லவா? ஒரு நாடு தன் தொழிலாளரைக் கசக்கிப் பிழிந்து மலிவாக விற்றால், மற்ற நாடுகள் நல்ல சட்டம் இயற்றத் தயங்கும். இதற்காகவே 1919இல் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் தோன்றியது. அங்கே அரசுகளின் பிரதிநிதிகளோடு முதலாளிகளின் பிரதிநிதிகளும் தொழிலாளரின் பிரதிநிதிகளும் ஒன்றாக அமர்ந்து முடிவு செய்கின்றனர். இந்தியா தொடக்கமுதலே அதன் உறுப்பு நாடு. விலகி நின்ற அமெரிக்கா, அம்மையாரின் முயற்சியால் 1934இல் அதில் சேர்ந்தது. 1941இல் போரின் நடுவே நியூயார்க்கில் கூடிய அதன் மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். மனித உழைப்பு சந்தைச் சரக்கன்று என்ற கொள்கையை அந்நிறுவனம் 1944இல் பிலடெல்பியாவில் மீண்டும் உறுதி செய்தது.

இத்தனை பணிக்கும் இடையே அவர் வாழ்வில் சிலுவைகளும் இருந்தன. கணவர் நீண்டகாலம் மனநோயால் வாடினார். அவரையும் ஒரே மகளையும் காக்கும் பொறுப்பு அம்மையாருடையது. 1939இல் அவரைப் பதவியிலிருந்து நீக்கவும் சிலர் முயன்று தோற்றனர். எபிஸ்கோப்பல் சபையைச் சேர்ந்த அம்மையார், மேரிலாந்தில் அச்சபைக் கன்னியர் மடம் ஒன்றுக்கு அடிக்கடி சென்று, மௌனத்திலும் செபத்திலும் நாட்களைக் கழித்து வலிமை பெற்றார். தொழிலாளரின் நியாயமான கூலிபற்றிப் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் சுற்றுமடல் வாயிலாக உலகுக்கு உரைத்த அதே நீதியை, வேறொரு சபையில் இருந்துகொண்டு சட்டமாக்க உழைத்தவர் அவர்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குமேல் அமைச்சராயிருந்து 1945இல் விலகினார். முதுமையிலும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1965ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், தம் 85ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் தொடங்கிய பணி முடிந்துவிடவில்லை. 2013இல் வங்காள தேசத்தில் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து, உடை தைக்கும் தொழிலாளர் 1,100 பேருக்கும் மேல் மாண்டனர். அதன்பின் அயல்நாட்டு உடை நிறுவனங்கள் பல, தொழிற்சங்கங்களோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தன. ஆலைகளைச் சோதிக்கவும் குறைகளைத் திருத்தவும் அது அவர்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தியது. அதற்கு நடுநிலைத் தலைமை வகித்தது சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமே.

அன்பு மாணவியரே! ஓர் ஆலையை நேரில் பார்த்து வந்த கல்லூரி மாணவி, பிற்காலத்தில் கோடிக்கணக்கானோர் வாழ்வில் விளக்கேற்றினார். நம்மில் சிலர் நாளை தொழிலாளராவோம். சிலர் தொழில் நடத்துவோம். எல்லாரும் பொருள் வாங்குவோம். எந்நிலையில் இருந்தாலும், பிறர் உழைக்கும் இடத்தின் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கண்ணையும், அதைத் திறக்கும் துணிவையும் இறைவன் நமக்கு அருள்வாராக!