உழைப்பைச் சிற்பமாக்கிய ராய் சௌத்ரி

மன்னர்க்கும் வள்ளலுக்கும் சிலை எடுப்பது உலக வழக்கு. பெயரறியாத உழைப்பாளர் நால்வரைக் கடற்கரையின் முகப்பில் நிறுத்தி, அவர்தம் தொழிலையே அவர்க்குரிய பெருமையாக்கிய சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக்குச் சென்று மீண்டோர் பெரும்பாலும் அவருடைய உழைப்பாளர் சிலையைக் கண்டிருப்பர். படைத்தவரின் பெயரை அறிந்தோர் சிலரே. தறியொலிக்கு இடையே தமிழ் பயிலும் நம் வட்டத்தார் அவர் வாழ்வை அறிந்திருத்தல் தகும்.

இன்று வங்காள தேசத்தில் உள்ள இரங்கப்பூர்ப் பகுதியில் 1899 சூன் 15 அன்று பிறந்தவர் அவர். ஓவியத்தை அவனீந்திரநாத் தாகூரிடமும், சிற்பத்தை இரண்மய் ராய் சௌத்ரியிடமும் பயின்றார். நீர்வண்ணத்தின் மென்மையையும், களிமண்ணில் தசையும் எலும்பும் காட்டும் மேலை முறையையும் ஒருவரே கைக்கொண்டமை குறிப்பிடத்தக்கது. பிரெஞ்சுச் சிற்பி ரொடேனின் தாக்கத்தை அவர் படைப்புகளில் காணலாம். சுரங்கத் தொழிலாளரையும் துறைமுகத் தொழிலாளரையும் சிற்பத்தின் நாயகராக்கிய பெல்சிய நாட்டுக் கான்ஸ்டன்டின் மெனியே, ராய் சௌத்ரிக்கு முந்தைய தலைமுறையினர். உழைப்பவரைப் பாடுபொருளாக்கும் அந்த மரபு இந்திய மண்ணில் வேர்கொள்ள உதவியோருள் ராய் சௌத்ரி முதன்மையானவர் எனலாம்.

1850-இல் அலெக்சாண்டர் அண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, பின்னர் அரசின் கலை, தொழிற் பள்ளியாக வளர்ந்தது. 1929-இல் அதன் தலைமைப் பொறுப்பை ராய் சௌத்ரி ஏற்றார். அப்பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவரே. 1957 வரை அங்கே பணியாற்றினார். கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால் போன்றோர் அவரிடம் பயின்றவர்கள். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற பணிக்கர், 1966-இல் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார். மல்யுத்தமும் புல்லாங்குழலும் வேட்டையும் ராய் சௌத்ரிக்குப் பிடித்தமானவை. வங்க மொழியில் கதைகளும் எழுதினார். பளுவைத் தாங்கும் தோள் எவ்வாறு முறுக்கேறும் என்பதை மற்போர் பயின்ற அவர் தம் உடம்பிலேயே உணர்ந்திருந்தார்.

ஆங்கில அரசு 1937-இல் அவருக்கு விருதளித்தது. 1954-இல் லலித கலா அகாதெமியின் முதல் தலைவரானார். 1958-இல் பத்ம பூசண் பெற்றார். உயர்பதவியினர் பலருக்கு அவர் உருவச்சிலைகள் செய்ததும் உண்மையே. ஆயினும் அவருடைய நெஞ்சம் பசித்தவரையும் குளிரில் ஒடுங்கிய முதியவரையும் விட்டு விலகவில்லை. 1942-இல் பாட்னாவில் துப்பாக்கிச் சூட்டில் மாண்ட மாணவர் எழுவருக்கு அவர் வடித்த நினைவுச் சின்னம் 1956-இல் திறக்கப்பெற்றது.

அவர் புகழை நிலைநாட்டிய உழைப்பாளர் சிலை, 1959 சனவரி 25 அன்று மெரினாவில் நிறுவப்பட்டது. அதே சென்னைக் கடற்கரையில்தான் 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். கல்லூரியின் இரவுக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் இச்சிற்பத்திற்கு மாதிரிகளாக நின்றனர் என்று சொல்வர். வாயிலில் நாள்தோறும் காணும் மனிதரிடமே காவிய நாயகனைக் கண்ட கண் அது.

பெரும்பாறை ஒன்றைப் பெயர்க்க நால்வர் முயல்கின்றனர். கால்கள் மண்ணில் ஊன்றியுள்ளன, முதுகுகள் வளைந்துள்ளன, நரம்புகள் புடைத்துள்ளன. இச்சிற்பத்தின் பெயர் உழைப்பின் வெற்றி என்பதாகும். ஆனால் பாறை இன்னும் நகரவில்லை! பாறை பெயர்ந்தபின் எழும் ஆரவாரத்தைச் சிற்பி காட்டியிருக்கலாம், காட்டவில்லை. நால்வரின் வலிமையும் ஒரே புள்ளியில் கூடும் கணத்தையே தேர்ந்தார். வெற்றி என்பது முடிவன்று, ஒன்றுபட்ட முயற்சியே என்னும் கருத்தைச் சொல்லாமற் சொல்லும் படைப்பு இது. ஒருவர் தளர்ந்தால் மற்ற மூவர்மேலும் அந்தப் பாரம் விழும் என்பதையும் காண்பவர் உணர்கின்றார்.

இங்கே கவிஞர் பெருமக்களுக்கு ஒரு பாடம் உண்டு. நம் கவியரங்குகளில் உழைப்பைப் போற்றும் அடிகளுக்குப் பஞ்சமில்லை. வியர்வையை முத்து என்கிறோம். நெசவாளர் விரலை வீணை மீட்டும் விரல் என்கிறோம். ஆனால் விசைத்தறி முன் இரவெல்லாம் நிற்பவரின் கணுக்கால் வீக்கமும், அறுந்த இழையைத் தேடும் கண்ணின் எரிச்சலும், ஓசையிலேயே வாழ்ந்து மந்தமான செவியும் நம் பாட்டில் எத்தனை முறை இடம்பெற்றுள்ளன? உவமையால் உழைப்பை அழகுபடுத்துவது எளிது. உழைக்கும் உடம்பை உற்றுநோக்குவது அரிது. ராய் சௌத்ரி அரிய வழியில் சென்றார். அவர் நால்வரும் அழகரல்லர், ஆனால் அவர்களிடமிருந்து கண்ணை எடுக்க இயலவில்லை.

1975 அக்டோபரில் அவர் மறைந்தார். காந்தியடிகளின் பின்னே பத்துப் பேர் நடந்துவரும் தண்டி யாத்திரைச் சிற்பத் தொகுதி அவர் இறுதிக்காலப் படைப்பு. அவர் மறைவுக்குப் பின் புதுதில்லியில் நிறுவப்பட்டது. 2016 வரை புழங்கிய ஐந்நூறு ரூபாய்த் தாளின் பின்புறம் அதன் உருவம் இருந்தது. இளம்பிள்ளையில் பாவு ஓட்டியவரும் சாயம் தோய்த்தவரும் சேலை நெய்தவரும் பல ஆண்டுகள் தம் கூலியோடு அச்சிற்பியின் படைப்பையும் கையில் வாங்கினர். படைத்தவன் பெயரை அவர்கள் அறிந்திலர். அவர்கள் நெய்த சேலையை உடுத்துவோரும் நெய்தவர் பெயரை அறிந்திலர். அந்தப் பெயர்களைத் தமிழில் எழுதிவைக்கும் கடமை நம் வட்டத்திற்கு உண்டு.