முதலாண்டு மாணவருக்கு இடமில்லை: பீட் மராவிச்சின் கதை

2024ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் தேதி, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 54 ஆண்டுகளாக அசையாமல் இருந்த ஒரு சாதனை முறியடிக்கப்பட்டது. அயோவா பல்கலைக்கழகத்தின் கேட்லின் கிளார்க் 3,667 புள்ளிகளைத் தாண்டிச் சென்றார். அந்த எண்ணுக்குச் சொந்தக்காரரான பீட் மராவிச் இறந்து அப்போது 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. இருந்தாலும் ரசிகர்கள் அவரை விடவில்லை. கிளார்க்குக்கு 4 பருவங்கள் கிடைத்தன, மராவிச்சுக்கு மூன்றே மூன்று என்றார்கள். கிளார்க் காலத்தில் மூன்று புள்ளிக் கோடு இருக்கிறது, மராவிச் காலத்தில் எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டு புள்ளிதான் என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு டெட்ராய்ட் மெர்சியின் அன்டுவான் டேவிஸ் 5 பருவங்கள் ஆடி 3,664இல் நின்றுபோனதையும் நினைவுபடுத்தினார்கள்.

இந்த வாக்குவாதத்தைப் படித்தபோது என் கண்ணில் பட்டது அந்த விடுபட்ட நான்காவது ஆண்டுதான். மராவிச் காயம்பட்டு உட்காரவில்லை, பரீட்சையில் தோற்கவும் இல்லை. அன்றைய விதிப்படி, கல்லூரியில் சேர்ந்த முதலாண்டு மாணவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் முதன்மைக் குழுவில் ஆட முடியாது.

பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே அலிகுவிப்பா என்ற இரும்பாலை ஊர் இருக்கிறது. பீட் 1947 ஜூன் 22ஆம் தேதி அங்குப் பிறந்தார். தந்தை பிரெஸ் மராவிச் செர்பியக் குடியேறிகளின் பிள்ளை. ஆலை வேலையிலிருந்து அவரை வெளியே இழுத்து வந்தது கூடைப்பந்துதான். இரண்டாம் உலகப் போரில் கடற்படை விமானியாக இருந்தார். போர் முடிந்ததும் சிறிது காலம் தொழில்முறையில் ஆடிவிட்டுப் பயிற்றுவிப்பாளரானார். தமக்குக் கைகூடாததை மகனைக் கொண்டு அடைய வேண்டும் என்பது அவர் உறுதி.

பீட் நடை பழகிய வயதிலிருந்தே பந்தும் கையுமாகத்தான் வளர்ந்தார். தந்தை காரை ஓட்ட, மகன் சன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சாலையில் பந்தைத் தட்டிக்கொண்டே வருவாராம். தந்தை வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். பந்து கைவிட்டுப் போகக்கூடாது. திரையரங்கில் நடைபாதை ஓர இருக்கையில் அமர்ந்து, படம் ஓடும்போதும் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பார். இரவில் பந்தோடுதான் படுக்கை. பயிற்சி ஒவ்வொன்றுக்கும் தந்தையும் மகனும் வேடிக்கையான பெயர்கள் வைத்திருந்தார்கள். இதையெல்லாம் படிக்கும்போது எனக்குப் பாதி வியப்பு, பாதி சங்கடம். பிள்ளை இதை விரும்பித்தான் செய்தார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த வயதில் தந்தையின் விருப்பம் எது, தன் விருப்பம் எது என்று எந்தப் பிள்ளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும்?

உயர்நிலைப் பள்ளியில் மெலிந்த உடம்போடு, பந்தை இடுப்பருகிலிருந்து துப்பாக்கி எடுப்பதுபோல் உயர்த்தி எறிவார். அதனால் வந்த பெயர்தான் ‘பிஸ்டல்’. கடைசிவரை அது அவரோடு ஒட்டிக்கொண்டது.

1966இல் பிரெஸ், லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்றுவிப்பாளர் பொறுப்பை ஏற்றார். அமெரிக்கக் காற்பந்துக்கே உயிரைக் கொடுக்கும் ஊர் அது. கூடைப்பந்துக்கென்று நல்ல அரங்கம்கூட இல்லை. கால்நடைக் கண்காட்சிகள் நடக்கும் மண்டபத்தில்தான் ஆட்டங்கள் நடந்தன; மக்கள் அதை மாட்டு மாளிகை என்றே கேலியாக அழைத்தார்கள். பீட்டுக்கு மேற்கு வெர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போக ஆசை. தந்தை விடவில்லை. தம்மிடமே வரவேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். பிள்ளை பணிந்தார்.

பணிந்து வந்த பிள்ளையைத் தந்தையால் தம் குழுவில் சேர்க்க முடியவில்லை. விதி தடுத்தது. கல்லூரிப் படிப்புக்கும் புதிய இடத்துக்கும் பழக ஓர் ஆண்டு வேண்டும் என்பதே அந்த விதிக்குச் சொல்லப்பட்ட நியாயம். அதனால் முதலாண்டு மாணவர்களுக்கு மட்டும் தனிக் குழு. முதன்மைக் குழுவின் ஆட்டத்துக்கு முன்பு, அரங்கம் நிறையாத நேரத்தில் அவர்கள் ஆடுவார்கள்.

லூயிசியானாவில் அந்த ஆண்டு எல்லாம் தலைகீழாக நடந்தது. முதல் ஆட்டத்திலேயே பீட் 50 புள்ளிகள் எடுத்தார். பருவம் முழுவதும் அவருடைய சராசரி 43.6. முதலாண்டுக் குழு 17 ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டும் தோற்றது. தந்தையின் முதன்மைக் குழு 3 வெற்றி, 23 தோல்வி. மக்கள் சீக்கிரமே வந்து பையன்களின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, பெரியவர்களின் ஆட்டம் தொடங்குமுன் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மகனுக்காக நிறைந்த இருக்கைகள் தம் ஆட்டத்துக்குமுன் காலியாவதைப் பிரெஸ் அந்தப் பருவம் முழுவதும் பார்க்க வேண்டியிருந்தது.

இப்படி நடந்தது அங்கு மட்டுமல்ல. அதற்கு முந்தைய ஆண்டு, 1965 நவம்பரில், யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர்கள் தங்கள் சொந்த முதன்மைக் குழுவையே 75-60 என்று வென்றிருந்தார்கள். அந்த முதன்மைக் குழு அப்போது தேசிய வெற்றியாளர். பையன்களின் குழுவில் லூ அல்சின்டோர் இருந்தார். பிறகு கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்தது அவரைத்தான்.

1972இல் இந்த விதி நீக்கப்பட்டது. விதி போனதும் பொறுப்பு முழுவதும் பயிற்றுவிப்பாளரின் தலையில் விழுந்தது. கணக்கு எளிமையானது. கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், களத்தில் 5 பேர். பங்குபோட மொத்தம் 200 நிமிடங்கள்தான் இருக்கின்றன. புதிதாக வந்த ஒருவருக்கு 30 நிமிடம் கொடுத்தால், மூன்றாண்டு உழைத்த ஒருவரிடமிருந்து அது பறிபோகிறது. 2014-15 பருவத்தில் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் திறமைசாலிகள் அதிகமாகிவிட, பயிற்றுவிப்பாளர் ஜான் கலிப்பாரி ஐவர் ஐவராக இரண்டு அணி பிரித்து மாற்றி மாற்றி இறக்கினார். தொடர்ந்து 38 வெற்றிகள். அரையிறுதியில் விஸ்கான்சினிடம் தோல்வி. அந்தக் குழுவில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடக்க ஐவரில் ஒருவராக ஆடாத முதலாண்டு மாணவர்தான் டெவின் புக்கர். பின்னர் என்பிஏவில் ஒரே ஆட்டத்தில் 70 புள்ளிகள் எடுத்தவர். அவரை இன்னும் அதிக நேரம் ஆடவிட்டிருந்தால் கென்டக்கி வென்றிருக்குமா என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள்.

நான் ஒரு பள்ளியில் கூடைப்பந்து இணைப்பாட நடவடிக்கைக்குப் பொறுப்பாசிரியர். உயர்நிலை ஒன்றில் சேரும் கெட்டிக்காரப் பிள்ளையை மூத்தவர்களோடு இறக்கலாமா, காத்திருக்கச் சொல்லலாமா என்ற பேச்சு ஒவ்வொரு ஜனவரியிலும் எழும். பெற்றோரின் குறுந்தகவல்கள் வரத் தொடங்கும். அதனால்தான் மராவிச்சின் அடுத்த மூன்று ஆண்டுகளை நான் கொஞ்சம் கவனமாகவே படித்தேன்.

1967 இறுதியில் பீட் முதன்மைக் குழுவில் நுழைந்தார். அதற்குப் பிறகு ஆடும் நேரம் ஒரு பிரச்சினையே இல்லை. பந்து முழுவதும் அவர் கையில். மூன்று பருவங்களில் 83 ஆட்டங்கள். கூடையை நோக்கி அவர் எறிந்தது 3,166 முறை. ஆட்டத்துக்கு 38. ஒரு முழுக் குழு எறியும் எண்ணிக்கைக்குப் பாதிக்குமேல் அது. சராசரி 43.8, 44.2, 44.5 என்று ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. 1970 ஜனவரி 31ஆம் தேதி, ஆஸ்கர் ராபர்ட்சனின் 2,973 புள்ளிச் சாதனையைத் தாண்டினார். பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகத்தின் பயிற்றுவிப்பாளர் டேல் பிரவுன், பழைய ஆட்டக் குறிப்புகளை வைத்து மூன்று புள்ளிக் கோடு இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று பார்த்தபோது சராசரி 57 என்று வந்ததாம்.

இந்த எண்களுக்குப் பக்கத்தில் குழுவின் எண்களையும் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் பருவம் 14-12. அடுத்தது 13-13. மூன்றாவது 22-10. தேசிய வெற்றியாளர் கிண்ணப் போட்டிக்கு ஒருமுறைகூடத் தகுதி பெறவில்லை. 1970 பிப்ரவரியில் அலபாமாவுக்கு எதிராகப் பீட் 69 புள்ளிகள் எடுத்தார். லூயிசியானா 104-106 என்று தோற்றது. அதே மாதம் கென்டக்கிக்கு எதிராக 64 எடுத்தார், அதிலும் தோல்வி. மற்ற நால்வரும் வேலியாக நின்று வழிவிடுவதும் பந்தைப் பொறுக்கிக் கொடுப்பதுமாக இருந்தார்கள். மக்கள் பீட்டைப் பார்க்கத்தான் சீட்டு வாங்குகிறார்கள் என்பதைத் தந்தை அறிந்திருந்தார். மகனின் பெயர் நாடெங்கும் பரவ வேண்டும் என்பதும் அவருக்கு இருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, ஆனால் அந்த நால்வரை நினைத்துப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பயிற்றுவிப்பாளர் வேறொருவராக இருந்திருந்தால் பீட் 25 முறை எறிந்திருப்பார், குழு இன்னும் சில ஆட்டங்களில் வென்றிருக்கும் என்பது என் கணிப்பு. சாதனை வந்திருக்காது.

1970இல் அட்லாண்டா ஹாக்ஸ் குழு ஏறக்குறைய 1.9 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் அவரை எடுத்தது. அன்றைக்கு அது மலைக்க வைத்த தொகை. மூத்த ஆட்டக்காரர்கள் பலர் அதில் சிறு பங்குதான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். முந்தைய பருவத்தில் 48 வெற்றிகள் கண்ட குழு, அவர் வந்த பருவத்தில் 36தான் கண்டது. கசப்பு இருக்கத்தான் செய்தது. 1974இல் புதிதாகத் தொடங்கிய நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் குழுவுக்கு மாற்றப்பட்டார். அதே ஆண்டு தாயாரை இழந்தார். குடிப்பழக்கமும் அவரை வாட்டிய காலம் அது. இருந்தும் 1976-77இல் ஆட்டத்துக்கு 31.1 என்று லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவர் அவர்தான். நியூயார்க்குக்கு எதிராக ஒரே இரவில் 68. மறு ஆண்டு ஜனவரியில், தாவியபடி கால்களுக்கு இடையே பந்தை அனுப்பிவிட்டுத் தரையிறங்கியபோது முழங்கால் போய்விட்டது.

1979இல் ஜாஸ் குழு யூட்டாவுக்கு இடம்பெயர்ந்தது. புதிய பயிற்றுவிப்பாளர் டாம் நிசல்கிக்கு ஒரு விதி: பயிற்சிக்கு வராதவருக்குக் களத்தில் இடமில்லை. முழங்கால் வலியோடு எல்லாப் பயிற்சிகளுக்கும் வர பீட்டால் முடியவில்லை. தொடர்ந்து 24 ஆட்டங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 19 வயதில் விதி அவரை வெளியே வைத்தபோது அரங்கமே அவர் பக்கம் இருந்தது. 32 வயதில் நிலைமை அப்படி இல்லை.

1980 ஜனவரியில் அவரை விடுவித்தார்கள். பாஸ்டன் செல்டிக்ஸ் சேர்த்துக்கொண்டது. அங்கே நட்சத்திரம், அப்போதுதான் என்பிஏவுக்குள் நுழைந்திருந்த லேரி பேர்ட்; பீட் மாற்று ஆட்டக்காரர். அந்தப் பருவத்தில்தான் என்பிஏ முதன்முதலாக மூன்று புள்ளிக் கோட்டை வரைந்தது. அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து அவர் எறிந்தது மொத்தம் 15. உள்ளே போனது 10. இத்தனை எழுதியும் அவருடைய எண்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சிறிய எண்தான். அடுத்த பருவம் தொடங்கும் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். அந்தப் பருவத்தில் பாஸ்டன் கிண்ணத்தை வென்றது.

ஓய்வுக்குப் பிறகு சில ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே ஒதுங்கிக் கிடந்தார். யோகா, சைவ உணவு என்று எதையெதையோ முயன்று, 1982 வாக்கில் கிறிஸ்துவ நம்பிக்கையில் அமைதி கண்டார். பிறகு முகாம்கள் நடத்திப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுத்தார். சிறுவயதில் தந்தை கொடுத்த அதே பயிற்சிகளைக் காணொளியாகவும் பதிவு செய்தார். 1987இல் புற்றுநோயால் பிரெஸ் இறந்தார். அதே ஆண்டு, 39 வயதில், கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் பீட்டின் பெயர் இடம்பெற்றது.

1988 ஜனவரி 5ஆம் தேதி, கலிஃபோர்னியாவின் பசடீனாவில் ஒரு தேவாலய உடற்பயிற்சிக் கூடத்தில் நண்பர்களோடு நட்புமுறை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது சுருண்டு விழுந்து இறந்தார். வயது 40. இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் இரண்டு முக்கியத் தமனிகளில் இடப்பக்கத்தது அவருக்குப் பிறவியிலேயே இல்லை என்று பிரேதப் பரிசோதனையில் தெரியவந்தது. அந்த இதயத்தோடு அவர் பத்துப் பருவங்கள் தொழில்முறையில் ஓடியிருக்கிறார்.

லூயிசியானா பல்கலைக்கழகம் இப்போது ஆடுவது மாட்டு மாளிகையில் அல்ல. பீட் கிளப்பிய ஆர்வத்தின் சூட்டில் கட்டிய பெரிய அரங்கம் 1972 தொடக்கத்தில் திறக்கப்பட்டது. அதற்குள் பீட் அட்லாண்டா போய்விட்டார். பிரெஸ் சில மாதங்கள் அங்குப் பயிற்றுவித்தார்; அந்தப் பருவம் 10-16 என்று முடிந்ததும் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். 1988இல் அந்த அரங்கத்துக்கு மகனின் பெயரைச் சூட்டினார்கள்.