நீதிமன்றத்தில் கிறிஸ்மஸ் தாத்தா: நடிகர் எட்மண்ட் குவென்

கிறிஸ்மஸ் தாத்தாவை நீதிமன்றத்தில் நிறுத்தி, அவருக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று விசாரித்த திரைப்படம் ஒன்று உண்டு. 1947இல் அமெரிக்காவில் வெளிவந்த 'மிரக்கிள் ஆன் தேர்ட்டி ஃபோர்த் ஸ்ட்ரீட்' என்பது அதன் பெயர். அதில் தாத்தாவாக வந்தவர் எட்மண்ட் குவென். அவருடைய வாழ்க்கையை இன்று சற்று எண்ணிப் பார்ப்போம்.

எட்மண்ட் 1877 செப்டம்பர் 26 அன்று லண்டனில் பிறந்தார். குடும்பப் பெயர் கெல்லவே. தந்தை அரசு அலுவலர். மகனும் அரசுப் பணிக்கே வரவேண்டும் என்பது அவர் விருப்பம். மகனோ நாடக மேடையை நாடினார். தந்தை அவரை வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார். எட்மண்டின் வாழ்வில் வந்த முதல் தீர்ப்பு இதுதான். விசாரணையே இல்லாமல் வந்த தீர்ப்பு. 1901இல் அவர் செய்துகொண்ட திருமணமும் நிலைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் சில ஆண்டுகள் நடித்துவிட்டுத் திரும்பியவருக்கு, 1905இல் பெர்னார்ட் ஷாவின் நாடகத்தில் கார் ஓட்டுநர் வேடம் கிடைத்தது. அதன்பின் லண்டன் மேடை அவரை மறக்கவில்லை. முதல் உலகப்போரில் படையிலும் பணியாற்றினார்.

1940இல் ஹாலிவுட்டுக்குப் போனபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. அந்த ஆண்டு ஹிட்ச்காக் எடுத்த படமொன்றில் கூலிக்குக் கொலை செய்பவராக வந்தார். லண்டனில் உள்ள நம் கத்தோலிக்கப் பேராலயமான வெஸ்ட்மின்ஸ்டர் கோபுரத்தின் உச்சியிலிருந்து கதாநாயகனைத் தள்ளிவிடப் பார்க்கிறவர் இவரே! நான்கு ஆண்டுகள் கழித்து, 'தி கீஸ் ஆஃப் தி கிங்டம்' படத்தில் கனிவுள்ள குருவாக வந்தார். ஒரே முகம் இரண்டுக்கும் பொருந்தியது.

இனி அந்த வழக்குக்கு வருவோம். கிரிஸ் கிரிங்கிள் என்னும் முதியவர், நியூயார்க்கின் மேசீஸ் பேரங்காடியில் கிறிஸ்மஸ் தாத்தா வேடத்தில் அமர்கிறார். ஆனால் அது வேடமில்லை, தாம் உண்மையிலேயே தாத்தாதான் என்கிறார். பிள்ளைகளுக்குத் தாத்தாவாக நடிப்பதில் மகிழ்ந்த இளைஞன் ஒருவனை, அங்காடியின் உளவியலாளர் மனநோயாளி என்று சொல்லி வதைக்கிறார். அதைப் பொறுக்காமல் முதியவர் அவரைக் கைத்தடியால் அடித்துவிட, மனநல மருத்துவமனைக்கு ஏமாற்றிக் கொண்டுபோகப்படுகிறார். தம்மை நம்பியவர்களும் கைவிட்டார்கள் என்று எண்ணி மனம் உடைந்து, மருத்துவத் தேர்வில் வேண்டுமென்றே தவறான பதில்களைச் சொல்கிறார்.

இது குற்ற வழக்கு அன்று. இவரை மனநல இல்லத்தில் அடைக்கலாமா என்பதே கேள்வி. அரசு வழக்கறிஞர் அவரைக் கூண்டில் ஏற்றி, நீர்தான் கிறிஸ்மஸ் தாத்தா என்று நம்புகிறீரா எனக் கேட்கிறார். அவரும் ஆம் என்கிறார். வழக்கு முடிந்தது என்று அரசு வழக்கறிஞர் உட்கார்ந்துவிடுகிறார். இளம் வழக்கறிஞர் ஃபிரெட் கெய்லி அங்கேதான் பிடிக்கிறார். தம்மை இன்னார் என்று சொல்பவர் உண்மையில் அவரல்லர் என்றால்தானே பைத்தியம்? இப்படி, புத்தியைப் பற்றிய வழக்கு, தாத்தா இருக்கிறாரா இல்லையா என்ற வழக்காக மாறிவிடுகிறது. தாத்தா இல்லை என்று தீர்ப்பளித்தால் அடுத்த தேர்தலில் ஓட்டுகள் போய்விடும் என்று நீதிபதியின் அரசியல் நண்பர் எச்சரிக்க, அவர் தீர்ப்பைத் தள்ளிவைத்து இருதரப்புச் சாட்சியையும் கேட்கிறார்.

கெய்லி அழைக்கும் சாட்சிகளில் ஒருவன் அரசு வழக்கறிஞரின் சிறு மகன்! தாத்தா இருக்கிறார் என்று தன் அப்பா சொன்னதாக அவன் கள்ளமின்றிச் சொல்கிறான். அப்பா என்ன செய்வார்? தாத்தா உண்டு என்று அரசுத் தரப்பு ஒப்புக்கொள்கிறது. எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டதை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இந்த முதியவர்தான் அந்தத் தாத்தா என்பதற்குத் தகுந்த அதிகாரமுள்ளவரின் சான்று மட்டுமே பாக்கி. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், பிள்ளைகள் தாத்தாவுக்கு எழுதிய கடிதங்களை அஞ்சல் துறை மூட்டை மூட்டையாக நீதிமன்றத்துக்கே அனுப்பி, நீதிபதியின் மேசையில் கொட்டிவிடுகிறது. அரசின் அஞ்சல் துறையே இவரைத் தாத்தா என ஏற்றுக்கொண்டபின் நீதிமன்றம் மறுக்க முடியுமா? அவர் விடுதலையாகிறார்.

நமக்கு அந்தத் தீர்ப்பில் முழு நிறைவு இல்லை. நீதிபதிக்குத் தப்பிக்க ஒரு வழி கிடைத்தது, அவ்வளவுதான். அவர் நம்பினார் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த மூட்டைகள் எப்படி வந்தன? கதைகளை நம்பாதே என்று வளர்க்கப்பட்ட சூசன் என்ற சிறுமி, சோர்ந்துபோன முதியவருக்கு ஆறுதலாக, நீதிமன்ற முகவரிக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள். அவளுடைய தாய் டோரிஸ், தானும் நம்புவதாக அதன் அடியில் எழுதிக் கையெழுத்திடுகிறார். அஞ்சல் நிலையத்தில் அந்த உறையைப் பார்த்த ஊழியருக்குத்தான், தேங்கிக் கிடந்த கடிதங்களையெல்லாம் அங்கே அனுப்பிவிடலாம் என்ற யோசனை வருகிறது. சான்றாகட்டும் என்று யாரும் அந்தக் கடிதத்தை எழுதவில்லை.

அந்தத் தாய் மணமுறிவு பெற்றவர் என்பதற்காக, அமெரிக்கக் கத்தோலிக்கரின் 'லீஜன் ஆஃப் டீசன்சி' குழு இப்படத்தை ஓரளவு ஆட்சேபத்துக்குரியது என வகைப்படுத்தியது. திருமணத்தின் மேன்மையைக் காக்க நினைத்தது சரியே. என்றாலும், காயப்பட்டு எவரையும் நம்பாதிருந்த ஒரு பெண் மீண்டும் நம்பத் தொடங்குவதை அவர்கள் கவனித்திருக்கலாம் என்றே நாம் எண்ணுகிறோம்.

எட்மண்ட் 1946இல் மேசீஸ் நடத்திய நன்றி நாள் ஊர்வலத்திலேயே தாத்தாவாக வண்டியில் சென்றார். படத்தில் நாம் காண்பது அந்த ஊர்வலமே. 1948 மார்ச் மாதம் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் விருது கிடைத்தபோது அவருக்கு வயது 70.

1950இல் வெளிவந்த 'மிஸ்டர் 880' படத்துக்காக மீண்டும் பரிந்துரைக்கப்பட்டார். அதிலும் அவர் நீதிமன்றத்தில் நிற்கிறார். இம்முறை உண்மையிலேயே குற்றவாளி. வயிற்றுப்பாட்டுக்காக ஒரு டாலர் நோட்டுகளைக் கள்ளத்தனமாக அச்சடித்த முதியவர். அதில் வரும் நீதிபதி குற்றத்தை மறைக்கவும் இல்லை, இரக்கத்தை மறக்கவும் இல்லை. உண்மையில் நடந்த வழக்கு ஒன்றைத் தழுவிய கதை அது.

கடைசி ஆண்டுகளில் மூட்டுவாதம் அவரை வாட்டியது. கலிபோர்னியாவின் உட்லண்ட் ஹில்ஸில் திரைப்படக் கலைஞர்களுக்காக நடத்தப்பட்ட இல்லத்தில் 1959 செப்டம்பர் 6 அன்று, 81ஆம் வயதில் காலமானார். இந்தக் கிறிஸ்மஸ் விடுமுறையில் பிள்ளைகளோடு அப்படத்தைப் பார்ப்பவர்கள், டோரிஸ் கையெழுத்திடும் அந்தச் சிறு காட்சியைத் தவறவிட வேண்டாம். சில நொடிகளில் முடிந்துவிடும்.