டாக்டர் கோட்னிஸ்: விருந்தாளியாகத் தங்காத மருத்துவர்

சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் ஷிஜியாஜுவாங் என்றொரு நகரம் இருக்கிறது. அங்குள்ள தியாகிகள் நினைவிடத்தில் ஓர் இந்தியரின் கல்லறையும் உண்டு. மகாராஷ்டிர மாநிலத்தின் சோலாப்பூரில் பிறந்த டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸ்தான் அவர். இறந்தபோது அவருக்கு வயது 32. சீனாவில் இன்றும் மரியாதையோடு நினைக்கப்படும் பெயர் இது. நம் வயதுக்காரர்கள் பலருக்கு அவரைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது.

இவரைப் பற்றி நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் ஒவ்வொரு விடுமுறையிலும் வெளிநாட்டுத் தொண்டூழியப் பயணம் செல்வார்கள். இம்முறை கம்போடியாவுக்குச் செல்லும் குழுவில் நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். இருப்பது இரண்டே வாரம். மொழி தெரியாது, ஊர் தெரியாது. இப்படிப் போகிறவரால் அங்குள்ளவர்களுக்கு உண்மையில் என்ன பயன் என்ற கேள்வி என்னை விடவில்லை. கோட்னிஸின் வாழ்க்கையை அந்தக் கேள்வியோடுதான் படித்தேன்.

1910 அக்டோபர் 10ஆம் தேதி பிறந்த கோட்னிஸ், பம்பாயில் மருத்துவம் படித்தார். 1937இல் ஜப்பான் சீனாவின் மீது முழு அளவில் போர் தொடுத்தது. காயமடைந்தவர்களைக் கவனிக்க மருத்துவர்கள் போதவில்லை. சீனத் தளபதி சூ டெ, ஜவஹர்லால் நேருவிடம் உதவி கேட்டார். அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் மக்களிடம் நிதி திரட்டினார். இந்தியாவே அன்று ஆங்கிலேயர் ஆட்சியில் வறுமையில் கிடந்த நாடு. அப்படியும் சுமார் 22,000 ரூபாய் சேர்ந்தது. ஓர் ஆம்புலன்ஸ் வண்டியும் ஐந்து மருத்துவர்களும் புறப்பட்டார்கள். ஐவரில் கோட்னிஸும் ஒருவர். அவருக்கு அப்போது 28 வயதுகூட நிறையவில்லை.

1938 செப்டம்பரில் அவர்கள் சீனா சென்று சேர்ந்தார்கள். ஜப்பானியப் படை முன்னேற முன்னேற, குழு மேற்கே சோங்சிங் நகருக்கு நகர்ந்தது. அங்கே ஐவரும் சீனப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பெயரும் சீனாவைக் குறிக்கும் ‘ஹுவா’ என்ற சொல்லில் முடியும். கோட்னிஸ் ‘கோ டிஹுவா’ ஆனார். அதே நகரில் இருந்தபோதுதான் அவருடைய தந்தை இறந்த செய்தி வந்தது. ஊர் திரும்ப வழி இருந்தது. யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பவில்லை.

1939 தொடக்கத்தில் குழு யெனான் சென்றடைந்தது. அங்கே மண் குன்றுகளைக் குடைந்த குகைகளில்தான் மக்கள் வாழ்ந்தார்கள். மருத்துவமனையும் குகைகளிலேயே நடந்தது. குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடும். சோறு அரிது, தினைதான் அன்றாட உணவு. வெயில் ஊரான சோலாப்பூரில் வளர்ந்தவருக்கு இதெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். உணவும் குளிரும் உடம்புக்குப் பழக வேண்டியவை. அவற்றைவிடக் கடினமானது மொழி.

கோட்னிஸ் சீன மொழியைப் பேச மட்டுமல்ல, படிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டார். நம் அக்கம்பக்கத்தில் தினமும் சீனம் கேட்டு வளர்ந்த நமக்கு, அது எவ்வளவு கடினம் என்று தெரியும். ஓசை சற்று மாறினாலே பொருள் மாறிவிடும் மொழி அது. ஆனால் ஒரு மருத்துவருக்கு அது பொழுதுபோக்கு இல்லை. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது என்று நோயாளியிடம் நேரில் கேட்க முடிந்தால்தான் சிகிச்சையே தொடங்கும். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பாடம் நடத்தவும் அதுதான் அவருக்குக் கைகொடுத்தது.

1939 இறுதியில் அவர் வட சீனப் போர்முனைக்குச் சென்றார். 1940இல் நடந்த ஒரு நீண்ட போரின்போது, 72 மணி நேரம் உறங்காமல் அறுவை சிகிச்சை செய்தார் என்று பதிவுகள் கூறுகின்றன. 1941இல் பெத்யூன் அனைத்துலக அமைதி மருத்துவமனையின் இயக்குநரானார். சீனாவில் தொண்டு செய்து இறந்த கனடிய மருத்துவர் நார்மன் பெத்யூனின் பெயர் தாங்கிய மருத்துவமனை அது. அங்கே சிகிச்சையோடு, உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவப் பயிற்சியும் அளித்தார். அறுவை சிகிச்சை பற்றிப் பாடநூல் எழுதினார். தான் இல்லாவிட்டாலும் வேலை நடக்க வேண்டும் என்று நினைத்தவரின் செயல் இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1941 இறுதியில், தாதியர் பயிற்சி அளித்துவந்த குவோ சிங்லானை மணந்தார். அடுத்த ஆகஸ்டில் மகன் பிறந்தான். இந்தியா, சீனா இரண்டையும் சேர்த்து ‘யின்ஹுவா’ என்று பெயரிட்டார்கள். ஆனால் கோட்னிஸின் உடல் தளர்ந்திருந்தது. அடிக்கடி வலிப்பு வந்தது. 1942 டிசம்பர் 9ஆம் தேதி அவர் காலமானார். மகனுக்கு அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை. உடன் சென்ற நால்வரும் தாயகம் திரும்பினார்கள்; அவர் அங்கேயே அடக்கமானார். பின்னாளில் குவோ சிங்லான் இந்தியா வந்து கணவரின் குடும்பத்தாரைச் சந்தித்தார்.

உடல்நலத்தைப் பணயம் வைத்து உழைப்பதுதான் தொண்டு என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இழப்பைத் தாங்கியவர்கள் ஒரு தாயும் ஒரு மனைவியும் ஒரு குழந்தையும். நான் கோட்னிஸிடம் எடுத்துக்கொள்வது வேறொன்று. அவர் கொண்டுபோன மருத்துவ அறிவு, மற்ற நால்வரிடமும் இருந்ததுதான். அந்த ஊரின் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அந்த ஊரின் மொழியில் பேசி, அந்த ஊர்ப் பெயரில் அழைக்கப்பட்டதால், அவரை மக்கள் விருந்தாளியாகப் பார்க்கவில்லை. விருந்தாளியிடம் யாரும் தன் குறையை முழுதாகச் சொல்வதில்லை. வீட்டு மனிதரிடம்தான் சொல்வார்கள்.

இரண்டு வாரத்தில் யாரும் வீட்டு மனிதர் ஆகிவிட முடியாது. என்றாலும், அந்தத் திசையில் சில அடிகள் எடுத்து வைக்கலாம். எங்கள் குழுவில் இப்போது வாரம் இருமுறை கெமர் மொழி கற்கிறோம். கிராமப் பள்ளிக்கு என்ன தேவை என்பதை நாங்களே முடிவு செய்யாமல், அங்குள்ள ஆசிரியர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறோம். இந்த ஆண்டு தொண்டூழியத்துக்குப் பெயர் கொடுத்திருக்கும் நண்பர்களே, பெட்டி கட்டுவதற்கு முன் நீங்களும் இதைச் செய்து பாருங்கள். போகும் ஊரின் மொழியில் பத்துச் சொற்களாவது தெரிந்துகொண்டு போங்கள். அதில் ஒன்று, என்ன வேண்டும் என்று கேட்கும் சொல்லாக இருக்கட்டும்.