விமானத்தின் மூக்கு ஏன் எதிர்ப்பக்கம் போனது? வில்பர் ரைட்டின் கதை

அடுத்த முறை ஃபிளைட்டில் ஜன்னல் சீட் கிடைத்தால், இறக்கைக்குக் கொஞ்சம் பின்னால் உட்காருங்க. விமானம் திரும்பும்போது இறக்கையின் ஓரத்தில் ஒரு சின்னப் பலகை ஏறி இறங்கும். உங்கள் கண்ணில் படாத வாலிலும் இன்னொரு பலகை இருக்கிறது. இந்த இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்பதைக் கண்டுபிடித்த கதைதான் இது.

கப்பல்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை ரொம்பப் பழசு. பின்னாலிருந்து வரும் அலை கப்பலின் பின்பகுதியை ஒதுக்கித் தள்ளும். முன்பகுதி நேர்வழியிலிருந்து விலகும். இதற்குப் பெயர் 'யாவ்'. மாலுமி சுக்கானைத் திருப்பிச் சரிசெய்வார். பறக்க ஆசைப்பட்ட பலரும் விமானத்தைக் காற்றில் போகும் கப்பலாகவே நினைத்தார்கள். சுக்கான் இருந்தால் போதும், திரும்பிடும் என்று நம்பினார்கள்.

வில்பர் அப்படி நினைக்கவில்லை. அவர் அமெரிக்காவின் டேட்டனில் தம்பி ஆர்வில்லோடு சைக்கிள் கடை வைத்திருந்தவர். சைக்கிள் சாய்ந்துதானே திரும்பும்?

1867-ல் பிறந்த வில்பருக்கு யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும் கனவு இருந்தது. பதின்வயதின் கடைசியில், ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் மட்டை முகத்தில் பட்டு முன்பற்கள் போயின. கனவும் போனது. சில வருடங்கள் வீட்டிலேயே இருந்து, காசநோய் வந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டார். அப்பாவின் புத்தகங்களைப் படித்துத் தீர்த்தார்.

1899-ல், கடையிலிருந்த ஒரு டியூப் பெட்டியைக் கையில் முறுக்கிப் பார்த்தபோது யோசனை வந்தது. இறக்கையை இப்படி முறுக்கினால் விமானம் சாயுமே! சாய்ந்தது. ஆனால் 1901-ல் கிட்டி ஹாக் பக்கத்து மணல்மேடுகளில் கிளைடர் ஒரு விநோதம் காட்டியது. வலப்பக்கம் சாய்த்தால், மூக்கு இடப்பக்கம் போனது. காரணம் இதுதான்: மேலே எழும் இடது இறக்கைக்குத் தூக்குவிசை கூடும்போது காற்றின் இழுவையும் கூடுகிறது. அந்த இறக்கை பின்தங்க, மூக்கும் அந்தப் பக்கமே இழுபடும்.

அந்த வருடக் கடைசியில் ஊர் திரும்பியவர்கள், அன்று எல்லோரும் நம்பிய எண்களை ஓரமாக வைத்துவிட்டு, தாங்களே செய்த காற்றுச் சுரங்கத்தில் சுமார் 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். எண்களோடு மல்லுக்கட்டுவதே என் வேலை என்பதால், எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது.

1902 கிளைடருக்கு அசையாத செங்குத்து வால் வைத்தார்கள். சில நேரம் அது காரியத்தைக் கெடுத்தது. கிளைடர் தாழ்ந்த பக்கமாகச் சறுக்க, வாலில் மோதும் காற்று அதை மேலும் சுழற்றி, இறக்கை நுனியை மணலில் குத்தவைத்தது. அதற்குக் கிணறு தோண்டுதல் என்று கேலிப்பெயரே வைத்தார்கள். தூக்கம் வராத ஓர் இரவில் ஆர்வில்லுக்குப் பொறி தட்டியது: வாலை அசையவிட்டால் என்ன? காலையில் தயங்கித் தயங்கிச் சொன்னார். அண்ணன் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தார். வில்பரோ உடனே ஒப்புக்கொண்டு, வாலையும் இறக்கை முறுக்கும் கம்பியையும் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று ஒரு படி மேலே போனார்.

ஆக, விமானத்தில் சுக்கானின் முதல் வேலை திருப்புவது இல்லை, அந்தத் தவறான விலகலைத் தடுப்பது. 1903 மார்ச்சில் அவர்கள் காப்புரிமை கேட்டதும் இதற்குத்தான். அந்த விண்ணப்பத்தில் இன்ஜினே கிடையாது! டிசம்பர் 17-ல் இன்ஜினோடு பறந்தது, நாம் எல்லோரும் பள்ளியில் படித்த கதை. 1908 ஆகஸ்டில் பிரான்சின் லே மான் அருகே வில்பர் சாய்ந்து வட்டமடித்தபோது கூட்டம் வாயைப் பிளந்தது. அங்கே பறந்தவர்கள் அதுவரை தட்டையாகச் சறுக்கித்தான் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு அந்தக் காப்புரிமையே அவரை விழுங்கியது. 1909-ல் கர்டிஸ் மீது வழக்கு தொடர்ந்தார்கள். வக்கீல்கள், கடிதங்கள், பயணங்கள் என்றே நாட்கள் போயின, பறப்பது அரிதானது. இதைப் பேராசை என்று சொல்பவர்கள் உண்டு. வழக்குகள் அமெரிக்க விமானத் துறையைப் பின்னுக்கு இழுத்தன என்ற குற்றச்சாட்டும் இருக்கிறது. ஆனால் அந்த விலகலைப் புரிந்துகொள்ள மணலில் எத்தனை முறை விழுந்தார் என்று நினைத்தால், அவர் பிடிவாதம் எனக்குப் புரிகிறது.

1912 மே 30-ல், டைபாய்டு காய்ச்சலில் வில்பர் இறந்தார். வயது 45. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1914 ஜனவரியில் ரைட் சகோதரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னபோது, அதைக் கேட்க ஆர்வில் மட்டும்தான் இருந்தார்.